எங்காவது பிழைத்துக்கொள்ளுமா?



வீட்டுப் பரணிலோ, விறகுக் கொட்டகையிலோ, பழைய செய்தித்தாள் கட்டுகளுக்குப் பின்னாலோ ஒரு பூனை குட்டி போட்டிருப்பதை உங்களில் பலர் கண்டுபிடித்திருப்பீர்கள். முதல் வாரம் வீடே குதூகலமாக இருக்கும். கண் திறக்காத குட்டிகளை எட்டிப் பார்ப்பதற்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். மூன்றாவது வாரத்தில் குட்டிகள் தள்ளாடித் தள்ளாடி நடக்கும். நான்காவது வாரத்தில் அடுப்படிக்குள் நுழையும். ஐந்தாவது வாரத்தில், மூலையில் ஈரம் கண்ட அன்று, பெரியவர் ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்: "சாக்கில் போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வா. எங்காவது பிழைத்துக்கொள்ளும்."

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன். இரக்கமற்றவர்கள் சொல்லும் வாக்கியம் என்று இதை நினைத்துவிடாதீர்கள். எனக்கு இதைச் சொன்னவர் என் பாட்டி. வாசலில் வந்து நின்ற எவரையும் பசியோடு அனுப்பாதவர். நான் அப்போது எட்டாம் வகுப்பு. சைக்கிள் கேரியரில் சாக்கைக் கட்டி, மூன்று குட்டிகளைச் சந்தைப்பேட்டையில் இறக்கிவிட்டு வந்தவன் நான்தான். மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில் எட்டிப் பார்த்தேன். கருவாட்டுக் கூடைகளுக்கு அடியில் ஒன்று மட்டும் ஒடுங்கிக் கிடந்தது. மற்ற இரண்டும் இல்லை. நான்கு நாள் கழித்து அதுவும் இல்லை. "யாராவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்" என்றார் பாட்டி. நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

பிழைத்துக்கொள்ளுமா, கொள்ளாதா என்பது நம்பிக்கையால் தீர்க்க வேண்டிய கேள்வி அல்ல. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி எண்ணியும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வீடற்றுத் திரியும் பூனைகளின் குட்டிகளைக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து, 2004-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். கவனித்த குட்டிகள் 169. ஆறு மாத வயதை எட்டுமுன் இறந்தோ காணாமலோ போனவை 127. அதாவது நான்கில் மூன்று. இறந்ததற்குக் காரணம் தெரிந்தவற்றில் அடிபட்டும் கடிபட்டும் மாண்டவையே அதிகம்.

வட கரோலினா வேறு, நம் ஊர்ச் சந்தை வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த 169 குட்டிகளும் தாயோடு இருந்தவை. நாம் சாக்கில் கொண்டுபோய் விடும் குட்டிக்குத் தாயும் கிடையாது.

தாய் இல்லாமற்போனால் என்னதான் குறைந்துவிடும்? குட்டிதான் ஓடுகிறதே, குதிக்கிறதே, சோற்றை நக்குகிறதே! நம் கண்ணை ஏமாற்றுவது இதுதான். பூனைக்குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் எடை. ஓர் எலுமிச்சம்பழத்தைவிடக் கூடுதல். ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் கண் திறக்கும். முதல் சில வாரங்களில் தன் உடலின் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. தாயின் வயிறும் உடன்பிறந்தவையும்தான் அதன் கணப்பு. நான்காவது வாரத்தில் திட உணவை முகரத் தொடங்கினாலும், பால்குடி முழுவதும் மறக்க ஏழெட்டு வாரம் ஆகிவிடும். ஐந்தாவது வாரத்துக் குட்டி நடக்கத் தெரிந்த கைக்குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தண்ணீர் கலந்த பசும்பாலை ஊற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பூனைப்பாலில் பசும்பாலைப்போல் இருமடங்குக்கும் மேல் புரதம் இருக்கிறது. பசும்பாலை மட்டும் குடிக்கும் குட்டிக்கு வயிற்றுப்போக்கு காண்பது வழக்கம். அந்தச் சிறிய உடலில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு? ஒரே நாளில் வற்றிப்போகும்.

பால் மட்டுமல்ல, படிப்பும் தாயிடம்தான். ஃபிலிஸ் செஸ்லர் என்ற ஆராய்ச்சியாளர் 1969-இல் ஓர் அழகான சோதனையை வெளியிட்டார். ஒரு நெம்புகோலை அழுத்தினால் உணவு கிடைக்கும். சில குட்டிகள் தம் தாய் அதை அழுத்துவதைப் பார்த்தன. சில குட்டிகள் முன்பின் அறியாத வேறொரு பெண் பூனை அழுத்துவதைப் பார்த்தன. சில குட்டிகள் யாரையும் பார்க்காமல் தாமே முட்டிமோதிப் பார்த்தன. தாயைப் பார்த்தவை விரைவில் கற்றுக்கொண்டன. வேறு பூனையைப் பார்த்தவை தாமதமாகக் கற்றன. தாமே முயன்றவை கற்கவே இல்லை! ஒரு பாடத்தை ஆசிரியர் சொன்னதால் மட்டுமே விளங்கிக்கொள்ளும் அனுபவம் உங்களுக்கும் இருக்குமே.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 6,000 பூனைகளின் விவரங்களை அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டுத் திரட்டி, 2017-இல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பூனைகளிடம் சீறிக் கடிக்கும் குணம் அதிகமாக இருந்தது. பதினான்கு வாரம் வரை தாயோடு விடுவதே நல்லது என்பது அவர்கள் முடிவு. நம் வீடுகளில் பதினான்கு வாரம் என்று கேட்டால் அம்மா என்ன சொல்வார் என்பது எனக்கும் தெரியும். ஆகவே நான் கேட்பது எட்டு வாரம். ஐந்தாவது வாரத்தில் சாக்கு வெளியே வருகிறது என்றால், நீங்கள் பேரம் பேச வேண்டியது வெறும் மூன்று வாரத் தவணைக்குத்தான். பரீட்சைக்கு மூன்று வாரம் அவகாசம் கிடைத்தால் எவ்வளவு படிக்கலாம் என்பதை அறிந்தவர்கள் நீங்கள், பேசிப் பாருங்கள்.

அந்தத் தவணையைச் சும்மா கழிக்கக் கூடாது. வீடு தேடும் வேலை எட்டாவது வாரத்தில் தொடங்குவதில்லை. மூன்றாவது வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. பிலடெல்பியா நகரின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலின் கார்ஷ் என்பவர் 1980-களில் இதை ஆராய்ந்தார். சில குட்டிகளை மூன்றாவது வாரம் முதல், சிலவற்றை ஏழாவது வாரம் முதல், நாள்தோறும் 15 நிமிடம் கையில் எடுத்துத் தடவிக்கொடுக்கச் செய்தார். சில குட்டிகளைத் தொடவே இல்லை. பின்னர் சோதித்தபோது, மூன்றாவது வாரத்திலேயே மனிதக் கை பட்ட குட்டிகள்தாம் மனிதரிடம் விரைந்து வந்தன. மடியிலும் அதிக நேரம் இருந்தன. பூனைக்குட்டி யாரை நம்பலாம் என்று முடிவுசெய்யும் காலம் ஏறத்தாழ இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அந்தச் சன்னல் மூடிய பிறகு தட்டினால் திறப்பது கடினம்.

ஆக, பரணுக்கடியில் சீறிக்கொண்டு ஒளியும் குட்டியும், புதிதாக வந்தவரின் மடியில் ஏறிப் படுக்கும் குட்டியும் பெரும்பாலும் பிறவியிலேயே வேறானவை அல்ல. பள்ளி விட்டு வந்ததும் நீங்கள் தரும் 15 நிமிடம்தான் வித்தியாசம். கூடவே, ஒரு பழைய தட்டில் மணலைப் பரப்பி மூலையில் வையுங்கள். நான்காவது வாரத்திலேயே குட்டிகள் தாமாகவே மணலைத் தோண்டி மூடப் பழகும். "மணல் தட்டு பழகிய குட்டி" என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் முகம் மாறும்! ஆனால் தாய் சீறினால் கையை எடுத்துவிடுங்கள். பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவது அன்று, பூனையிடமிருந்தும் வரும். வீட்டில் திட்டுவார்கள் என்று இதை மறைக்கக் கூடாது.

இனி, எந்த வீடு நல்ல வீடு என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளைவிட எங்கள் வீட்டுக் கதையே உதவும். எங்கள் பின்கட்டில் இந்த முறை நான்கு குட்டிகள். செம்பழுப்பு ஒன்று, சாம்பல் வரி ஒன்று, கறுப்பும் செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த முக்கலர் ஒன்று, முழுக் கறுப்பு ஒன்று.

செம்பழுப்புக்கு முதல் வாரத்திலேயே மூன்று பேர் போட்டி. முதலில் கேட்டவர் மளிகைக்கடைக்காரர். "எலித் தொல்லை தாங்கவில்லை ஐயா" என்றார். நல்லது, கடையில் எலி மருந்து வைக்கிறீர்களா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கும்" என்றார். மருந்து தின்று தள்ளாடும் எலியைத்தான் குட்டிப் பூனை முதலில் பிடிக்கும். அந்த எலியின் வயிற்றில் இருக்கும் நஞ்சு பூனைக்கும் நஞ்சுதான். எலி மருந்தா, பூனையா, ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். நியூயார்க் நகரில் ஒரு கழிவு நிலையத்தில் பூனைகளையும் எலிகளையும் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்து, 2018-இல் எழுதினார்கள். பூனைகள் கொன்ற எலிகள் எத்தனை தெரியுமா? இரண்டு. பூனை இருக்கும் இடத்தில் எலி வெளியே தலைகாட்டுவது குறையலாம். ஆனால் பெரிய எலிகளை ஒழித்துக்கட்டும் யந்திரம் அன்று அது.

அடுத்துக் கேட்டவர்கள் மிகவும் அன்பான குடும்பம். வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. "தயிர் சாதம் போடுவோம், ராஜா மாதிரி இருக்கும்" என்றார்கள். இங்கே அன்பு போதாது, இரசாயனம் வேண்டும். டாரின் என்று ஒரு பொருள். நம் உடல் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பூனையின் உடலால் போதிய அளவு தயாரிக்க முடியாது. இறைச்சியிலும் மீனிலுமிருந்துதான் அது கிடைக்க வேண்டும். டாரின் இல்லாத உணவால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகிறது என்பதை 1975-இல் கண்டுபிடித்தார்கள். இதயத்தசையும் தளர்ந்துபோகிறது என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 1987-இல் காட்டினார்கள். சைவம் மனிதர் தேர்ந்தெடுக்கும் நெறி; பூனைக்கு அந்தத் தேர்வு இல்லை. அந்த அம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியானால் எங்களுக்குக் கிளி, முயல் ஏதாவது..." என்று இழுத்தார். அது வேறு கட்டுரை! (கிளி மட்டும் வேண்டாம், நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படிக் குற்றம்.)

சாம்பல் வரிக்குட்டி எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது.

முக்கலர் குட்டிக்குத்தான் சங்கடம். பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள், எல்லாரும் உடனே "கடுவன்தானே?" என்றும் கேட்டார்கள். கடுவனாக இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. செம்பழுப்பு நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. ஆகவே செம்பழுப்பு அல்லது கறுப்பு, இரண்டில் ஒன்றுதான் அதற்கு உண்டு. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். கருவாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லிலும் அந்த இரண்டில் ஒன்று அடங்கிவிடுகிறது. எந்த இடத்தில் எது அடங்கியது என்பதைப் பொறுத்து ஓரிடம் கறுப்பு, ஓரிடம் செம்பழுப்பு. வெள்ளைத் திட்டு வேறொரு மரபணுவின் வேலை. எக்ஸ் அடங்கும் இந்த விந்தையை 1961-இல் எடுத்துச் சொன்னவர் மேரி லயன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. செம்பழுப்பைத் தருவது சரியாக எந்த மரபணு என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டு 2025-இல் வெளியிட்டார்கள். உங்கள் தெருவில் உலாவும் முக்கலர் பூனையின் முதுகு ஓர் உயிரியல் வரைபடம்!

வரைபடம் இருக்கட்டும், பெட்டைக்கு வீடு? "பெட்டை வேண்டாம், குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்" என்று சொல்பவர் தவறாகச் சொல்லவில்லை. ஐந்தாறு மாதத்திலேயே பெட்டைப்பூனை சினையாகிவிடும். சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டி. குட்டிகள் பால்குடி மறந்த சில வாரங்களில், சிலசமயம் அதற்கும் முன்பே, தாய் மறுபடியும் சினையாகும். கருத்தடை அறுவை செய்து தருவேன் என்று நான் வாக்குக் கொடுத்த பிறகே முக்கலருக்கு வீடு கிடைத்தது. வயது வந்ததும் கூட்டிப்போக வேண்டிய பொறுப்பு என்னுடையது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. நான்கு குட்டிகளுக்கு நான்கு வீடு தேடிவிட்டுத் தாயை அப்படியே விட்டுவிட்டால் தேடல் முடிந்ததாகாது. நான்கு மாதத்தில் இன்னொரு நான்கு. நம் தெருவில் பூனை கேட்கும் வீடுகள் எத்தனை? இரண்டாவது ஈற்றிலேயே தீர்ந்துபோகும். பிறகு மறுபடியும் சாக்குதான். ஒரு ஜோடிப் பூனை ஏழு ஆண்டில் 4,20,000 பூனையாகும் என்று வெளிநாட்டுச் சுவரொட்டிகளில் எழுதுவது உண்டு. கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் போட்டுப் பாருங்கள். பிறக்கும் குட்டி எதுவுமே சாகாது என்று வைத்துக்கொண்டால்தான் இப்படியெல்லாம் வரும். அப்படியானால் நம் தெருக்கள் ஏன் பூனைகளால் நிரம்பி வழியவில்லை? மேலே சொன்ன 127 என்ற எண்ணைத் திரும்பிப் பாருங்கள். பாட்டி சொன்ன வாக்கியத்துக்கு விடையும் அதுதான்.

எங்கள் தாய்ப்பூனையைப் பால் வற்றிய பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை, உள்ளே என் பழைய வேட்டி. கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடும் அறுவை அது. மயக்கம் தெளிந்து வந்த அன்று எங்களை முறைத்தது. பத்து நாளில் பழையபடி மதில்மேல் ஏறிவிட்டது. குட்டிகளுக்குக் குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் அங்கேயே தொடங்கினோம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்ததும். ஊசி போட்ட சீட்டைக் குட்டியோடு கொடுத்தேன். சீட்டோடு போகும் குட்டியை எவரும் எளிதில் தெருவில் விடுவதில்லை என்பது என் அனுபவம்.

"பூனை முடி பட்டால் தொண்டை அடைப்பான் வரும்" என்று சொல்லித் திருப்பியவர்களும் உண்டு. தொண்டை அடைப்பான் பூனை முடியால் வருவதில்லை. அது பாக்டீரியா நோய். நோயாளி இருமும்போது தெறிக்கும் துளிகளால் பரவுவது. தடுப்பூசி போட்ட பிள்ளைக்குப் பயமில்லை. பூனையால் தும்மலும் மூச்சிரைப்பும் சிலருக்கு வருவது உண்மை. அதற்குக் காரணம் முடியல்ல, பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு ஆசை காட்டாதீர்கள். கர்ப்பிணி இருக்கும் வீடானால் மணல் தட்டை அவர் தொடாமல் வேறொருவர் சுத்தம் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

கொடுக்கும்போது நான் எல்லாரிடமும் ஒரு வாக்குக் கேட்டேன். "வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வெளியே விடாதீர்கள். என்னிடம் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஏன் என்று கேட்க மாட்டேன்." மூன்றாவதாகக் கேட்டவரிடம் போன செம்பழுப்பு ஒன்பதாவது நாள் திரும்பி வந்தது. அந்த வீட்டுக் குழந்தை வாலைப் பிடித்து இழுக்கிறதாம், குட்டி கீறிவிடுகிறதாம். அவர்கள் கூச்சத்தோடு கூடையை நீட்டினார்கள். எனக்கு வருத்தமில்லை. சாக்கில் போகாமல் கூடையில் திரும்பி வந்ததே! உணவோ நீரோ இல்லாமல் வாடும் நிலையில் காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படிக் குற்றம். ஆனால் சட்டத்தைச் சொல்லி மிரட்டியிருந்தால் அந்தக் கூடை என் வாசலுக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். செம்பழுப்பு இப்போது வேறொரு வீட்டில் இருக்கிறது. அங்கே சிறு குழந்தைகள் இல்லை. கிணற்றுக்குக் கம்பி வலை உண்டு. அதையும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

கறுப்புக்குத்தான் இன்னும் வீடு அமையவில்லை. நான்கில் மிகவும் சாதுவானது அதுதான்; என் பேத்தியின் கணக்கு நோட்டுமேல்தான் தூங்கும். இதுவரை ஐந்து பேர் வந்து பார்த்தார்கள். இரண்டு பேர் சகுனம் என்றார்கள். ஒருவர் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போனார், சொல்லவில்லை. உடம்பின் நிறமி கூடுதலாக இருப்பதற்கும் நம் வேலை கெடுவதற்கும் என்ன தொடர்பு இருக்க முடியும் என்று அவர்களிடம் வாதாடிப் பார்த்தேன். வாதத்தில் வென்றேன், வீடு கிடைக்கவில்லை. வாதாடுவதை விட்டுவிட்டுக் குட்டியை அவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். துணியை எலி கடிக்கிறதாம். கடையில் எலி மருந்து வைத்திருக்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும்.